யாரோ கேட்ட தண்ணீர்

ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்பது கோடை. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். மேய்ச்சல் நிலமெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துக் கிடக்கும். சிற்றோடைகள் வற்றித் தரை காட்டும். அந்த நேரத்தில் மர்ரே ஆறு மட்டும் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ மலையில் நல்ல மழை போலும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தன் போக்கில் விட்டிருந்தால் இந்த ஆறு குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெருகி, பனி உருகிய நீரெல்லாம் வடிந்தபின் கோடையில் மெலிந்துதான் இருக்கும். 1936-ல் கட்டி முடித்த ஹ்யூம் அணை அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது. குளிர்காலத்து நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் உழவர்கள் கேட்கக் கேட்கத் திறந்துவிடுகிறார்கள். தனக்கு இன்ன தேதியில் இவ்வளவு நீர் வேண்டும் என்று உழவர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அணையிலிருந்து கடல்வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 150 மீட்டர்தான் இறங்குகிறது. ஆகவே கேட்ட நீர் வந்து சேர நாளும் வாரமும் ஆகும்.

இப்படி யாரோ கேட்டு, யாருக்கோ போய்க்கொண்டிருக்கும் தண்ணீரின்மேல் ஒரு படகுப் போட்டி நடக்கிறது. யாரவாங்காவிலிருந்து ஸ்வான் ஹில் வரை 404 கிலோமீட்டர், ஐந்து நாள். மர்ரே மாரத்தான் என்பது அதன் பழைய பெயர். 1969-ல் சில நண்பர்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் திரட்டுவதற்காக இந்தத் தூரத்தைத் துடுப்பு வலித்துக் கடந்தார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் கூடும் போட்டியாக வளர்ந்தது. பல பத்தாண்டுகள் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தியது. அதன்பின் ஒய்.எம்.சி.ஏ. ஏற்று, இளையோருக்கான பணிகளுக்கு நிதி திரட்டியது. போட்டி நவம்பருக்கு நகர்ந்தது, பெயரும் ‘மாசிவ் மர்ரே பேடல்’ என்று மாறியது. நான் போனது பழைய வழக்கப்படி, கிறிஸ்துமஸ் விருந்தின் அசதி தீருமுன் டிசம்பர் 27-ல் தொடங்கிய காலத்தில்.

நான் துடுப்பைத் தொடவில்லை. மெல்பர்னில் என்னுடன் வேலை பார்த்தவர்கள் ரிலே குழு ஒன்று அமைத்திருந்தார்கள். அதில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் இருந்தான். “அண்ணை, படகோட்ட ஆக்கள் இருக்கினம், கார் ஓட்டத்தான் ஆளில்லை” என்றான். அப்படித்தான் நான் ‘லேண்ட் க்ரூ’ ஆனேன். கரைக்குழு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளின் தூரமும் பல கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கட்டத்துக்குக் கட்டம் கரையில் ஒரு சோதனைச் சாவடி. ஐந்து நாளும் ஒருவரே முழுத் தூரமும் வலிக்கலாம், அல்லது சாவடிக்குச் சாவடி ஆள் மாற்றிக்கொள்ளலாம். எப்படிப் போனாலும் படகில் இருப்பவர்களுக்குக் குடிநீர், சோறு, மாற்று உடை, கொப்புளத்துக்குப் பட்டை எல்லாவற்றையும் அடுத்த சாவடிக்கு முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது கரைக்குழுவின் வேலை. ஆறு வளைந்து வளைந்து போகும், சாலை நேராகப் போகும். ஆனாலும் காரில் போகிறவனுக்குத்தான் நேரம் போதாது.

யாரவாங்காவில் விடியும் முன்பே ஆற்றங்கரை நிறைந்துவிட்டது. ஊசிபோல் மெலிந்த ஒற்றையாள் கயாக்குகள், இருவர் கயாக்குகள், கரையில் விளையாடும் பிள்ளைகள்கூடக் கவிழ்க்க முடியாத அகலமான கனூக்கள், பள்ளிக்கூடக் குழுக்களின் படகுகள். மெதுவாகப் போகிறவர்களை முதலில் விடுகிறார்கள், வேகக்காரர்கள் கடைசியில் கிளம்புகிறார்கள். அப்போதுதான் மாலையில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கரையேறுவார்கள். அதனால் மெதுவாகப் போகிறவர்களை முன்னணி வீரர்கள் நடுவழியில் கடந்து போகிறார்கள். கடக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை. “நல்லாப் போறீங்க” என்பதுதான் அது, வெவ்வேறு உச்சரிப்புகளில்.

புறப்படும் இடத்துக்கு மேலே யாரவாங்கா அணைக்கட்டு நிற்கிறது. 1939-ல் முடிந்த கட்டு. அதன் பின்னால் தேங்கும் முல்வாலா ஏரியிலிருந்து இரு பக்கமும் கால்வாய்கள் பிரிகின்றன. வடக்கே போகும் முல்வாலா கால்வாய் டெனிலிக்வின் வட்டாரத்துக்குப் போகிறது. அங்கே நெல் விளைகிறது.

“இஞ்சையும் நெல் விதைக்கினமோ அண்ணை?” என்று தம்பி ஏரியைத் திரும்பிப் பார்த்தான்.

விதைக்கிறார்கள். அதில் எடுத்தது போக மீதித் தண்ணீர்தான் அவன் படகைக் கொண்டுபோகப் போகிறது. அதுவும் கீழே திராட்சைக்கும் பாதாமுக்கும், தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊர்களுக்கும் என்று கணக்கெழுதி அனுப்பப்படும் நீர்.

முதல் நாள் 94 கிலோமீட்டர், டோகும்வால் வரை. ஆற்றின் இரு பக்கமும் சிவப்பு யூகலிப்டஸ் மரங்கள். ரிவர் ரெட் கம் என்பார்கள். தடித்து முறுக்கிய அடிமரம், வெளிறிய கிளைகள். அழகான மரம், ஆனால் வெப்பமான, காற்றே இல்லாத நாளில் முன்னறிவிப்பில்லாமல் பெரிய கிளையை முறித்துப் போடும் பழக்கம் அதற்கு உண்டு. கூடாரத்தை அதன் நிழலில் அடிக்காதே என்பது இந்த ஆற்றங்கரையில் முதலில் சொல்லித்தரும் பாடம். நாற்பது டிகிரி வெயிலில் இத்தனை நிழலைக் கண்முன் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் கூடாரம் அடிப்பதுபோல ஒரு தவம் வேறில்லை.

ஆற்றுக்குள் விழுந்த மரங்களுக்கு ‘ஸ்னாக்’ என்று பெயர். படகுக்கு அவைதான் எமன். நீருக்கு ஒரு விரல் கீழே கிடக்கும் கட்டை மெல்லிய கயாக்கின் வயிற்றைக் கிழித்துவிடும். நீராவிப் படகுகள் ஓடிய நாளில் தொடங்கி நூறாண்டுக்கு மேல் இவற்றை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். பிறகுதான், மர்ரே காட் என்ற பெருமீன் தங்குவதும் முட்டையிடுவதும் இந்தக் கட்டைகளில்தான் என்பது உறைத்தது. ஒன்றரை மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய மீன் அது. இப்போது ஆற்றின் பல இடங்களில் ஆயிரக்கணக்கான மரங்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். டோகும்வாலில் அந்த மீனுக்குப் பெரிய சிலையே உண்டு. இரண்டாம் உலகப் போரில் இந்தச் சிறிய ஊரில் மிகப் பெரிய விமானதளம் இருந்தது. போர் முடிந்ததும் அதன் வீடுகளைக் கழற்றித் தலைநகர் கான்பராவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் நாள் மாலை இதையெல்லாம் கேட்கும் நிலையில் படகோட்டிகள் யாரும் இல்லை. “தோள் கழண்ட மாதிரி இருக்கு” என்று தம்பி புல்லில் மல்லாந்தான். உப்பு போட்ட மோர் கொடுத்தேன். பக்கத்துக் கூடாரத்துக்காரர் அது என்ன என்று கேட்டு, குடித்துப் பார்த்து, மறுநாளிலிருந்து தன் போத்தலையும் நீட்டினார்.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இந்த ஆறு இரு மாநில எல்லை என்றாலும் எல்லைக்கோடு நடு ஆற்றில் இல்லை. தென்கரையின் மேல்விளிம்பில் இருக்கிறது. ஆற்று நீர் முழுதும் நியூ சவுத் வேல்ஸ். ஆக, எங்கள் படகு போட்டி முழுதும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தது. விக்டோரியா கரையில் நின்று வாழைப்பழம் நீட்டிய நான் குனிந்தபோதெல்லாம் மாநிலம் கடந்தேன்.

இரண்டாம் நாள்தான் நீளம், 96 கிலோமீட்டர், பிக்னிக் பாயின்ட் வரை. பார்மா காடு தொடங்குகிறது. பார்மா, மில்லவா என்று ஆற்றின் இரு கரையிலும் விரியும் இது உலகின் மிகப் பெரிய ரிவர் ரெட் கம் காடு. இங்கே ஆறு குறுகுகிறது. பெரிய ஆறு கீழே போகப் போக அகலும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். மர்ரே இங்கே தன் அகலத்தில் பாதியைத் தொலைத்து ஒடுங்குகிறது. ‘பார்மா சோக்’ என்று பெயர். தொண்டையில் அடைப்பதுபோல.

காரணம் நிலத்துக்குள் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து ஒரு நெடும் மேடு எழுந்தது. கேடல் பிளவு என்று அதைச் சொல்கிறார்கள். மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றை அது மறித்தது. ஆறு முதலில் வடக்கே சுற்றிப் போனது. பிறகு, நிலவியல் கணக்கில் அண்மையில், தெற்கே ஒரு புதிய வழியை அறுத்துக்கொண்டு கோல்பர்ன் ஆற்றின் தடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தப் புதிய வழிதான் இந்த ஒடுங்கிய பாதை. இளம் ஆறு, இன்னும் தன் படுக்கையை அகலப்படுத்திக்கொள்ளவில்லை. இந்த இடத்தின் கொள்ளளவுக்கு மேல் நீர் விட்டால் காட்டுக்குள் பாயும். வசந்தத்தில் பாய்ந்தால் காட்டுக்கு உயிர். கோடையில் பாய்ந்தால் கேடு. ஆகவே கீழே இருப்பவர்கள் எவ்வளவு கேட்டாலும் இந்தத் தொண்டை விழுங்குகிற அளவுதான் கொடுக்க முடியும். அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது. தங்கச் சுரங்கக் காலத்திலும் காடு அழித்த காலத்திலும் மேலிருந்து இறங்கிய மணல், யாரவாங்காவுக்கும் பிக்னிக் பாயின்டுக்கும் இடையே மட்டும் 2 கோடி கன மீட்டருக்கு மேல் படுகையில் கிடக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் தங்கம் அரித்தவன் கழுவிவிட்ட மணலில் இன்றைய கயாக் தட்டுகிறது.

இந்தப் பகுதியில் கரைக்குழுவுக்கு வேலை இல்லை, கவலை மட்டும் உண்டு. படகுகள் மணிக்கணக்கில் கண்ணில் படாது. காட்டுத் தடத்தில் புழுதி பறக்க ஓட்டிப்போய் ஒரு வளைவில் காத்திருந்தோம். அங்கே ஒரு மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட ஒரு தழும்பு. பட்டை உரித்த இடம், விளிம்பில் மரம் தடித்து மூடியிருந்தது. யோர்டா யோர்டா மக்கள் இப்படித்தான் ரெட் கம் பட்டையை ஒரே துண்டாக உரித்து, நெருப்பில் வாட்டி வளைத்து, படகு செய்தார்கள். மரத்தைக் கொல்லாமல் படகு எடுக்கத் தெரிந்தவர்கள். ஆற்றை அவர்கள் டுங்கலா என்கிறார்கள். இந்தக் காட்டின் விக்டோரியா பக்கம் 2010-ல் தேசியப் பூங்கா ஆனது, அதன் பராமரிப்பில் இப்போது அவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் தங்கள் மண்ணுக்கும் நீருக்கும் உரிமை கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கை 2002-ல் உயர்மட்ட நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பார்மாவுக்கு எதிர்க்கரையில் கம்மரகுஞ்சா இருக்கிறது. பழங்குடி மக்களை அரசு அடைத்து வைத்து ஆண்ட குடியிருப்பு. பட்டினியும் நிர்வாகியின் கெடுபிடியும் தாங்காமல் 1939 பிப்ரவரியில் ஏறத்தாழ இருநூறு பேர் வெளியேறி, இந்த ஆற்றைக் கடந்து விக்டோரியா பக்கம் வந்து முகாமிட்டார்கள். அனுமதியின்றி வெளியேறுவதே குற்றமாக இருந்த காலம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் முதல் பெருந்திரள் போராட்டங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அங்கே 1906-ல் பிறந்த டக் நிக்கல்ஸ் பிற்காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர் ஆனார். இந்த ஆற்றில் மனிதர்கள் துடுப்பு வலித்த காரணங்களைப் பட்டியலிட்டால், பணம் திரட்டுவது மிகச் சமீபத்தியது, மிக எளியதும்கூட.

மூன்றாம் நாள் எச்சூக்கா. 76 கிலோமீட்டர். கோல்பர்ன் ஆறு வந்து கலந்தபின் மர்ரே மறுபடி அகலமாகிறது. விடுமுறைக் கூட்டம் ஆற்றில் இருந்தது. மோட்டார் படகின் பின்னால் சறுக்குகிறவர்கள் எழுப்பும் அலை, காட்டுக்குள் தனியாக வந்த கயாக்குகளை ஆட்டிப்பார்த்தது. எச்சூக்காவின் துறைமேடை 1865-ல் ரெட் கம் மரத்தால் கட்டியது. கோடைக்கும் வெள்ளத்துக்கும் ஆற்று மட்டம் அவ்வளவு மாறும் என்பதால் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கிறது. இங்கே ஒரு காலத்தில் உள்நாட்டுக் கம்பளி நீராவிப் படகில் வந்து இறங்கி, ரயிலேறி மெல்பர்ன் போனது. 1866-ல் கட்டிய ‘அடிலெய்ட்’ இன்னும் ஓடுகிறது. மரத்தால் ஆன அடிப்பாகம் கொண்டு இன்றும் ஓடும் துடுப்புச் சக்கரப் படகுகளில் உலகிலேயே பழையது. அதன் ஊதல் சத்தத்தோடு எங்கள் படகு கரை சேர்ந்தபோது துறைமேடையில் நின்ற கூட்டம் கைதட்டியது. எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிரவு முகாமில் முழுத் தூரத்தையும் தனியாக வலிக்கும் பெரியவர் ஒருவரைக் கண்டேன். இரண்டு உள்ளங்கையிலும் பட்டை சுற்றியிருந்தது. மகள் கரண்டியால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவில் வரும் இனிப்புப் பால்சோறு. எனக்குச் சட்டென்று நம் ஊர்க் காவடிதான் தோன்றியது. காவடி தூக்குகிறவர் ஒருவர், அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், விசிறுகிறவர், பாடுகிறவர், கூட்டத்தை விலக்குகிறவர் என்று பத்துப் பேர். ஒருவர் உடம்பில் ஏற்றுக்கொள்ளும் வருத்தத்தை முன்னிட்டு ஊரே கொடுக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நேரே கொடுத்துவிடலாமே, எதற்கு ஒரு மனிதர் 404 கிலோமீட்டர் தோளை வருத்த வேண்டும் என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தால் நூறில் தொண்ணூறு பேர் கொடுப்பதில்லை என்பதுதான் பதில். தெரிந்தவர் ஒருவர் வருந்துவதைப் பார்த்துத்தான் மனம் பணப்பையைத் திறக்கிறது. இதில் ஒரு நல்ல கணக்கும் இருக்கிறது. முதலில் வந்தவரைவிடக் கடைசியில் வந்தவர் அதிகம் திரட்டியிருக்கலாம்.

நான்காம் நாள் 63 கிலோமீட்டர்தான். எல்லோரும் எளிது என்று நினைத்த நாள். அன்றுதான் முகங்கள் கறுத்தன. முடிவிடம் டோரம்பரி அணைக்கட்டு. கெராங், கோஹூனா பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்குத் தானாக நீர் பாயவேண்டும் என்பதற்காக 1923-ல் ஆற்றின் மட்டத்தை உயர்த்திக் கட்டிய கட்டு. இப்போது நிற்பது 1996-ல் புதிதாக எழுப்பியது. மட்டம் உயர்ந்தால் நீர் தேங்கும், தேங்கினால் ஓட்டம் நிற்கும். மூன்று நாளாக அடியில் தாங்கி வந்த ஆறு மெல்லக் கையை எடுத்துக்கொண்டது. துடுப்பு நிறுத்தினால் படகும் நின்றது. எதிர்க்காற்று வேறு. “மோட்டர் நிண்டு போன மாதிரி, அண்ணை” என்றான் தம்பி. முதல் மூன்று நாள் தூரத்தில் தன் பங்கு எவ்வளவு, ஆற்றின் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் அன்று தோளால் கணக்குப் போட்டார்கள். மாலையில் பெருமை பேசியவர்கள் குறைவு.

அங்கிருந்து படகுகளை வண்டியில் ஏற்றி, நடுவில் ஒரு நீளத்தை விட்டுவிட்டு, முர்ராபிட்டில் இறக்கினார்கள். கடைசி நாள் 75 கிலோமீட்டர். காடு மெலிந்து பால்பண்ணைகளும் பழத்தோட்டங்களும் தலைகாட்டின. ஆற்றோரம் எக்கிகளின் சத்தம். கேட்ட தண்ணீரை வாங்கிக்கொள்ள வந்தவர்கள். ஒவ்வொரு எக்கியையும் தாண்டும்போது இதுவரை நம்மைக் கொண்டுவந்த நீரில் கொஞ்சம் இங்கே இறங்கிக்கொண்டது என்று தோன்றியது. அது இறங்க வேண்டிய இடம் அதுதானே.

ஸ்வான் ஹில் ஊருக்குப் பெயர் வைத்தவர் நில ஆய்வுப் பயணியான மேஜர் மிட்செல். 1836-ல் இங்கே முகாமிட்ட இரவில் அன்னங்களின் இரைச்சலில் தூங்க முடியாமல் போனதால் வைத்த பெயர். இந்த ஊரைக் குறிவைத்து நடந்த முதல் போட்டி மர்ரே மாரத்தான் அல்ல. 1853 செப்டம்பரில் கேப்டன் பிரான்சிஸ் கேடலின் ‘லேடி அகஸ்டா’வும் வில்லியம் ராண்டலின் ‘மேரி ஆன்’னும், இரண்டு நீராவிப் படகுகள், கீழிருந்து எதிரோட்டத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. சில மணி நேர வித்தியாசத்தில் கேடல் முந்தினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே கேடல், ஆற்றின் ஆழம் பார்க்க, மெல்பர்னிலிருந்து ஒரு துணிப் படகைக் குதிரைமேல் ஏற்றி ஸ்வான் ஹில்லுக்குக் கொண்டுவந்து, தங்கம் தோண்டிய நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இங்கிருந்து அலெக்சாண்ட்ரினா ஏரிவரை துடுப்பு வலித்துப் போயிருக்கிறார். நெடுந்தூரத் துடுப்புக்காரர்களின் பாட்டனார் அவர்.

எங்கள் படகு 1896-ல் கட்டிய பாலம் இருக்கும் இந்த ஊரின் கரையை மதியம் தொட்டது. தம்பிக்கு எழுந்து நிற்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பரிசளிப்பு, வாழ்த்து, தொகை அறிவிப்பு. மேடையில் படகோட்டிகளின் பெயரை வாசித்தார்கள். கரைக்குழுக்காரர்கள் பின்னால் நின்று ஐஸ்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அதில் குறையொன்றும் இல்லை.

இந்த ஆற்றுக்கு மர்ரே என்று பெயர் வைத்த சார்ல்ஸ் ஸ்டர்ட்டின் கதையை ஊர் நூலகத்தில் படித்தேன். 1830 ஜனவரியில் மர்ரம்பிட்ஜி ஆற்றின் வழியாக ஒரு சிறு குழுவோடு திமிங்கிலப் படகில் வந்து இதில் இறங்கினார். டார்லிங் ஆறு சேரும் இடத்தில் கரையில் ஈட்டியோடு பெருங்கூட்டம் திரண்டது. முன்பே பழகியிருந்த பழங்குடி மனிதர் ஒருவர் நீந்தி வந்து தடுத்ததால் உயிர் பிழைத்தார்கள். ஓட்டம் தள்ளிக்கொடுக்க அலெக்சாண்ட்ரினா ஏரிவரை வந்துவிட்டார்கள். ஏற்றிக்கொள்ளக் கப்பல் இல்லை. வந்த வழியே எதிரோட்டத்தில் வலிக்கத் தொடங்கினார்கள். மாவு குறைந்தது. துடுப்பைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தார்கள். ஒருவருக்குச் சித்தம் கலங்கியது. ஸ்டர்ட்டுக்குக் கண் பார்வை சில மாதம் போயிற்று. இனி வலிக்க முடியாது என்ற இடத்தில் படகை விட்டு இறங்கி, இரண்டு பேரை முன்னால் நடத்தி அனுப்பினார்கள். அவர்கள் உணவோடு திரும்பி வந்ததால்தான் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள்.

ஸ்டர்ட் பெயரில் நெடுஞ்சாலை இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. நடந்து போய் உணவு கொண்டுவந்த அந்த இருவர் ஹாப்கின்சன், முல்ஹாலண்ட். மர்ரேயில் துடுப்பு வலித்தவர்களுக்குக் கரையிலிருந்து சோறு கொண்டுவந்த வரிசையில் நான் அறிந்த மூத்தவர்கள் அவர்கள்தான். ஐஸ்பெட்டி கழுவுகிறவன் என்ற முறையில் நான் மனப்பாடம் செய்து வைத்திருப்பது அந்த இரண்டு பெயர்களை.